முன்னூற்றுப் பன்னிரண்டாவது வரி

அந்த வரியை எடுக்கச் சொன்னது நான்தான். இதை முதல்லயே சொல்லிடுறேன். கதையைக் கடைசிவரைக்கும் இழுத்து, நடுவுல நாலு பேர் தலையில பழியைப் போட்டுட்டு, அப்புறம் "நானும் ஒரு காரணம்தான்"னு முணுமுணுக்கிற ஆள் நான் இல்லை. ஆபீஸ்ல என்னை வாயாடின்னு சொல்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும். அந்த வாயாலதான் இதுவும் நடந்துச்சு.

என் வேலை நெட்வொர்க் கார்டை ஓடவிட்டு அளக்கிறது. கம்ப்யூட்டருக்குப் பின்னாடி வயர் சொருகுற இடத்துல உள்பக்கமா ஒரு கார்டு இருக்கும். வெளியிலிருந்து வர்ற தகவல் எல்லாம் சின்னச் சின்னத் துண்டா அது வழியாத்தான் உள்ள வரும். பாக்கெட்டுன்னு சொல்வோம். ஒரு செகண்டுக்கு எத்தனை பாக்கெட்டை அது தவறவிடாம வாங்குதுன்னு எண்ணி எழுதுறதுதான் இருபது வருஷமா எனக்குச் சோறு போடுது. கார்டு தானா வேலை செய்யாது. அதுகிட்டப் பேசி வேலை வாங்க ஒரு புரோகிராம் வேணும், அதுக்குப் பேரு டிரைவர். எங்கம்மா ஒருதடவை பக்கத்து வீட்டுல "என் பையன் டிரைவர் எழுதுறான்"னு பெருமையாச் சொல்லி, அவங்க "எந்த ரூட்டு பஸ்?"னு கேட்டது எங்க வீட்டுல ரொம்ப நாள் ஓடின ஜோக்.

அந்தப் பையன் என் அண்ணன். என்னைவிட ஏழு வயசு மூத்தவன். எனக்கு நாப்பத்தாறு ஆகுது, இன்னும் என்னைப் பாப்பான்னுதான் கூப்பிடுவான். ஒரே ஆபீஸ். மீட்டிங்ல பத்து பேர் முன்னாடி "பாப்பா சொல்றது சரிதான்"னு சொல்லி என் மானத்தை வாங்குவான்.

எங்க கம்பெனி ஒரு பொட்டி பண்ணுது. ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ற மெஷினுக்கும் டாக்டர் பார்க்கிற ஸ்கிரீனுக்கும் நடுவுல அது உட்காரும். மெஷின் சொல்ற ரிசல்ட்டை வாங்கி, எந்த வார்டுக்குப் போகணுமோ அங்க அனுப்பும். அந்தப் பொட்டிக்குள்ள ஓடுற ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓப்பன் சோர்ஸ். அதாவது உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணா படிக்கலாம், திருத்தலாம், திருத்தினதை எல்லாருக்கும் அனுப்பலாம். அந்த மாதிரி சிஸ்டம் ரெண்டு எங்களுக்குத் தெரியும். ஒண்ணை உலகமே வச்சிருக்கு, ஆயிரக்கணக்கான பேர் அதுல வேலை செய்யறாங்க. இன்னொண்ணை ஒரு நூறு பேர் பிடிவாதத்துல தாங்கிப் பிடிச்சுக்கிட்டிருக்காங்க. ஆபீஸ்ல முதலாவதுக்குப் பெரியவர்னும் ரெண்டாவதுக்குச் சின்னவர்னும் பேரு வச்சிருந்தோம். "சின்னவர் காலையிலேருந்து எழுந்திரிக்கவே இல்லை"ன்னு யாராவது சொன்னா, புதுசா வேலைக்கு வந்தவங்க யாருக்கோ உடம்பு சரியில்லைன்னு நினைச்சுக்குவாங்க.

பன்னெண்டு வருஷமா எங்க பொட்டியில சின்னவர்தான். காரணம் என் அண்ணன். அந்தக் கார்டுக்குச் சின்னவர்ல டிரைவர் எழுதினது அவன். எழுதினதை ஊருக்கே கொடுத்துட்டு, எந்த மூலையிலிருந்து யார் "ஓடலை"ன்னு மெயில் போட்டாலும் உட்கார்ந்து பதில் எழுதுவான். பத்து பைசா பிரயோஜனம் கிடையாது. "உனக்கு என்னடா கிடைக்குது?"ன்னு அம்மா இருந்தப்போ கேட்டா, "ஓடுதும்மா"ன்னுவான். அவ்வளவுதான் அவனுக்குச் சொல்லத் தெரியும்.

போன வருஷம் புது மேனேஜர் வந்தார். எதைச் சொன்னாலும் "ஓகேவா?"ன்னு முடிப்பார், அதனால அவர் பேரே ஓகேவா ஆகிப்போச்சு. வந்த ரெண்டாவது மாசம் என்னைக் கூப்பிட்டார்.

"பெரியவருக்கு ஆள் ஈஸியா கிடைக்கிறாங்க. நாம ஏன் இன்னும் சின்னவரைக் கட்டிக்கிட்டு அழுறோம்? ஒரே கார்டு, ஒரே மெஷின், ரெண்டு சிஸ்டம். அளந்து ரிப்போர்ட் கொடுங்க. எது வேகமோ அதை வச்சுக்கலாம். மூணு வாரம், ஓகேவா?"

சின்னவர் போனா அண்ணனுக்கு அந்த ஆபீஸ்ல நாற்காலி இல்லை. ஐம்பத்தி மூணு வயசு. இன்டர்வியூவுல உட்கார்ந்து தன்னைப் பத்தி நாலு வார்த்தை பேசச் சொன்னா, அரை மணி நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கிட்டிருப்பான். யார் எடுப்பாங்க? அதைவிட, பதினஞ்சு வருஷத்துக்கு மேல அவன் பார்த்துப் பார்த்து வச்சிருந்த ஒண்ணை, தங்கச்சி எழுதுற ரிப்போர்ட்டை வச்சே குப்பையில போடப் போறாங்க. வேற யாரையாவது அளக்கச் சொல்லுங்கன்னேன். "உங்களை மாதிரி கறாரா வேற யாரு இருக்கா?"ன்னார். புகழ்ச்சியில கவுந்துட்டேன். உண்மையைச் சொன்னா, வேற யார் கையிலயும் அதைக் கொடுக்க மனசு வரலை.

எங்க லேபுக்கு ஜன்னல் கிடையாது. மெஷின் சூடாகக்கூடாதுன்னு ஏசி எப்பவும் பதினெட்டுல இருக்கும், நான் வருஷம் முழுக்க ஸ்வெட்டரோட திரிவேன். விசிறிச் சத்தத்துக்குக் காதுல பஞ்சு. ரெண்டு மெஷினை முதுகோட முதுகா வச்சு, நடுவுல ஒரே ஒரு வயர். ஒண்ணு பாக்கெட்டை வீசும், இன்னொண்ணு வாங்கும். எல்லாம் அறுபத்தி நாலு பைட்டுல சின்னப் பாக்கெட், எல்லாம் ஒரே மாதிரி. அப்படித்தான் உலகம் முழுக்க அளப்பாங்க. வேகத்தைத்தானே பார்க்கிறோம், உள்ள என்ன இருக்குங்கிறது எதுக்கு? இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பெரியவர் செகண்டுக்கு ஒன்பது லட்சம் வாங்கினார். சின்னவர் ஆறு லட்சத்துல மூச்சு வாங்கினார். வயரை மாத்தினேன், கார்டை மாத்தினேன், மெஷினையே இடம் மாத்தினேன். ஆறு லட்சம் ஆறு லட்சம்தான்.

சரி, ரெண்டு டிரைவரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிப்போம்னு உட்கார்ந்தேன். ரெண்டு பேரோட குணமும் வேற. பாக்கெட் வந்தா கார்டு மணி அடிக்கும். சின்னவர் மணி அடிச்ச உடனே ஓடிவந்து எடுப்பார். பெரியவர் கொஞ்சம் சேரட்டும்னு இருந்து, அப்புறம் வந்து மொத்தமா அள்ளுவார். அதுல ஒண்ணும் பெரிய வித்தியாசம் வராது. ஆனா அண்ணன் எழுதினதுல முன்னூத்திப் பன்னெண்டாவது வரி ஒண்ணு இருந்துச்சு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கார்டுகிட்ட ஒரு நம்பரைக் கேட்குது, பதில் வர்ற வரைக்கும் காத்திருக்குது, வந்த பதிலை அப்படியே தூக்கிப் போடுது. எதுக்கும் பயன்படுத்தலை. கார்டுகிட்டக் கேட்டுப் பதில் வாங்குறது கம்ப்யூட்டர் கணக்குல ரொம்ப நேரம். குறையுற மூணு லட்சமும் அங்கதான் போகுது. பக்கத்துல காரணம் எழுதுற இடத்துல ஒரே ஒரு வார்த்தை: 'தேவை'.

பெரியவர்ல அந்த வரி இல்லவே இல்லை.

அண்ணன் சீட்டுக்குப் போனேன். "அண்ணே, இது என்னது? கேட்குற, பதிலைத் தூக்கிப் போடுற. எதுக்கு?"

கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தான். "ஏதோ காரணத்துக்குத்தான் போட்டேன்."

"அதான் என்ன காரணம்?"

"ஞாபகம் இல்லை பாப்பா. பதினாலு வருஷம் ஆச்சு. ஆனா சும்மா போட்டிருக்க மாட்டேன்."

"பெரியவர்ல இது இல்லையே? அங்க நல்லாத்தானே ஓடுது?"

"அது அங்க."

"ரெண்டும் ஒரே கார்டுதானே?"

"பாப்பா, அது தேவைன்னு எழுதியிருக்கேன்ல?"

"எழுதினா ஆச்சா? நாளைக்கு ஓகேவா வந்து கேட்டா அவர்கிட்டயும் தேவைன்னு சொல்லுவியா? காதுல பூ சுத்துறியா?"

குரலை உயர்த்திட்டேன். பக்கத்து சீட்ல ஆளுங்க ஹெட்போனை எடுத்து மாட்டிக்கிட்டாங்க. அண்ணன் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோட எழுந்து போயிட்டான். ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் அண்ணி போன் பண்ணாங்க.

"என்னம்மா நடக்குது அங்க? பழைய டைரி, பழைய டிஸ்க்னு வீடு பூராவும் இறைச்சுப் போட்டுத் தேடிக்கிட்டிருக்கார். தேடுறது கிடைக்கலை. சாப்பிடக் கூப்பிட்டா வள்ளுன்னு விழுறார். இந்த வேலையும் போச்சுன்னா இவரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? உங்க அண்ணனை உனக்குத் தெரியாதா? நீ சொன்னாத்தான் கேட்பார்."

நான் சொன்னாத்தான் கேட்பான். ஆமா. அது எனக்கு நல்லாவே தெரியும். மறுநாள் காலையில அவன் சீட்டுக்குப் பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கத்தலை. அதுதான் நான் பண்ணினதுலயே மோசம். கத்தியிருந்தா அவன் விட்டுக் கொடுத்திருக்க மாட்டான்.

"அண்ணே, அந்த வரியை மட்டும் எடு. எடுத்துட்டு ஒரு வாரம் ஓடவிடுறேன். ஒரு பாக்கெட் தவறினாலும் நானே திரும்பப் போடச் சொல்றேன். எனக்காக எடு."

"என்னமோ உறுத்துது பாப்பா."

"உறுத்துறதை ரிப்போர்ட்ல எழுத முடியாதுண்ணே."

கீபோர்டுல கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் எடுத்தான். ஒரே ஒரு வரி. எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. எதை மாத்தினாலும் கீழே தேதியும், எழுதியது யாரு, சோதிச்சது யாருங்கிற பேரும் போடணும். அது அழியாது, எத்தனை வருஷம் கழிச்சு எவர் பார்த்தாலும் தெரியும். எழுதியது அவன், சோதித்தது நான்.

ஒரு வாரம் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்தேன். அதே ஒரே மாதிரி பாக்கெட், கோடிகோடியா. ஒண்ணுகூடத் தவறலை. ஒன்பதரை லட்சம்! பெரியவரையே தாண்டிட்டார் சின்னவர். நான் லேப்லேருந்து கையில பேப்பரைத் தூக்கிக்கிட்டு ஓடிவந்தேன், ஸ்வெட்டரும் பஞ்சுமா. "அண்ணே, ஒன்பதரை!" அவன் சிரிச்சான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். ஓகேவா மூணு தடவை ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துட்டு, "அப்போ சின்னவரே இருக்கட்டும், ஓகேவா?"ன்னார். அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே, சொல்லி மாளாது. எங்க அண்ணனை நான் காப்பாத்திட்டேன்னு பஸ்ல உட்கார்ந்து அழுதேன்.

நாலு மாசம் நல்லா போச்சு. புதுப் பொட்டி நாப்பது ஆஸ்பத்திரிக்குப் போச்சு.

அஞ்சாவது மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு லேப் டெக்னீஷியன் நேரா எங்க ரிசப்ஷனுக்கு வந்துட்டார். போன் பண்ணாம, மெயில் போடாம. சின்ன ஆஸ்பத்திரி, அவர்தான் அங்க ரத்தம் டெஸ்ட் பண்ற மெஷினைப் பார்த்துக்கிறவர். யூனிஃபார்மைக்கூட மாத்தலை. நானும் ஓகேவாவும் போனோம். மேஜைமேல ரெண்டு காகிதத்தை வச்சார். ஒண்ணு மெஷினே அச்சடிச்ச துண்டுச் சீட்டு. இன்னொண்ணு ஸ்கிரீனைப் பிரிண்ட் எடுத்தது. ரெண்டுலயும் அதே பேஷன்ட், அதே நேரம். சீட்டுல பொட்டாசியம் ஏழு புள்ளி ஒண்ணு. ஸ்கிரீன்ல நாலு புள்ளி ஒண்ணு.

"ஏழுன்னா என்னங்க?"ன்னு ஓகேவா கேட்டார்.

"இதயம் நின்னுடும்"னார் டெக்னீஷியன். "நாலுன்னா நார்மல். ஸ்கிரீனைப் பார்த்துட்டு டாக்டர் காலையில பார்த்துக்கலாம்னுட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தம்மா போயிட்டாங்க. சீட்டு என் ட்ரேயிலேயே கிடந்துச்சு. ஸ்கிரீன்லதான் வருதேன்னு இப்பல்லாம் யாரும் சீட்டை எடுத்துப் பார்க்கிறதில்லை. நானும் பார்க்கலை."

துணிக்கடையில வேலை பார்த்தவங்களாம். நாப்பத்தி மூணு வயசு. அதைச் சொல்லும்போது டெக்னீஷியன் யாரையும் பார்க்கலை, காகிதத்தையே நேரா நேரா அடுக்கிக்கிட்டிருந்தார்.

ஓகேவா அவரை அனுப்பிட்டு, "வயர் பிரச்சினையா இருக்கும், அவங்க மெஷின் பிரச்சினையா இருக்கும்"னு ஆரம்பிச்சார். நான் லேபுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. என்னன்னு தெரியலை, எதுன்னு தெரிஞ்சுபோச்சு.

இந்தத் தடவை ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளயும் வேற வேற நம்பரைப் போட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. தலையில ஒருதடவை, வால்ல ஒருதடவை. ஒரு மணி நேரம் ஒண்ணும் இல்லை. அப்புறம், ஆஸ்பத்திரியில இருக்கிற மாதிரி டிஸ்க்லயும் எழுதிக்கிட்டே வாங்கச் சொன்னேன். நாலாவது நிமிஷம் ஒரு பாக்கெட் வந்துச்சு. தலையில ஒரு நம்பர், வால்ல வேற நம்பர். வால்ல இருந்தது, அதே இடத்துல அதுக்கு முன்னாடி வந்துட்டுப் போன பாக்கெட்டோடது. பத்தாவது நிமிஷத்துக்குள்ள ஏழு பாக்கெட் அப்படி.

கார்டு அவசரக் குடுக்கை. பாக்கெட்டோட கடைசி நாலஞ்சு பைட்டு இன்னும் வழியில இருக்கும்போதே "வந்துடுச்சு"ன்னு மணி அடிச்சிடுது. பெரியவர் சாவகாசமா வர்றதுக்குள்ள அந்த பைட்டும் வந்து சேர்ந்துடும், அதனால அங்க அந்த வரி தேவைப்படலை. சின்னவர் உடனே ஓடிவர்றவர். மெஷினுக்கு வேற வேலையும் இருந்தா, அவர் எடுக்கும்போது வால் இடத்துல பழசு கிடக்கும். எல்லாம் சரின்னு கார்டே முத்திரை குத்தி அனுப்புறதால மேல யாருக்கும் சந்தேகம் வராது. ரத்த மெஷின் அனுப்புற செய்தியில பேரும் தேதியும் முன்னாடி இருக்கும், ரிசல்ட் கடைசியில இருக்கும். அந்தம்மா பேருக்குக் கீழ வேற யாரோடயோ நாலு புள்ளி ஒண்ணு போய் உட்கார்ந்துடுச்சு.

என் டெஸ்ட்ல ஏன் தெரியலை? எல்லாப் பாக்கெட்டும் ஒரே மாதிரி. முன்னாடி வந்ததோட வால் இதுல ஒட்டினாலும் அதே வால்தான். ஒரு வாரம் என்ன, ஒரு யுகம் உட்கார்ந்து பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

முன்னூத்திப் பன்னெண்டைத் திரும்பப் போட்டேன். ரெண்டு நாள் டிஸ்க்கோட சேர்த்து ஓடவிட்டேன். ஒரு வால்கூட மாறலை.

அப்புறம்தான் புத்தி வந்து, அந்த வரியை அவன் முதல்முதல்ல எந்தத் தேதியில எழுதினான்னு பார்த்தேன். எல்லாத்துக்கும் தேதி இருக்கும்னு சொன்னேனே. அது அம்மா ஆஸ்பத்திரியில கிடந்த கடைசி வாரம். அண்ணன் அம்மா கட்டில் பக்கத்துல பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து, மடியில லேப்டாப்பை வச்சுத் தட்டிக்கிட்டே இருந்தான். பதினோரு நாளா ஒரு கோளாறைத் தேடுறேன், இப்பத்தான் பிடிபட்டுச்சுன்னு என்னமோ சொன்னான். நான் கத்தினேன். "பெத்தவ இப்படிக் கிடக்குறா, உனக்கு அந்தக் கம்ப்யூட்டர்தான் பெருசா? மூடி வை!" நர்ஸ் திரும்பிப் பார்த்தாங்க. அவன் "ஒரு நிமிஷம் பாப்பா"ன்னு என்னமோ ஒண்ணைத் தட்டிட்டு மூடிட்டான். அந்த ஒரு நிமிஷத்துல ஒரு வார்த்தைதான் எழுத முடிஞ்சிருக்கு.

அண்ணனைக் கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டு சீட்டையும் காட்டினேன். கடைசியில, "ஆமா. இப்ப ஞாபகம் வருது"ன்னான். மேஜைமேல விரலால ஒரு கோடு போட்டுக் காட்டினான். "கார்டுலேருந்து உள்ள வர ஒரே வழிதான். பின்னாடி வர்றது முன்னாடி போறதை முந்த முடியாது. நாம ஒரு கேள்வி கேட்டா, அதுக்கு முன்னாடி கிளம்பினது எல்லாம் உள்ள போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் நம்மகிட்ட வரும். பதில்ல என்ன இருந்தா என்ன? பதில் வந்துடுச்சுன்னா எல்லாம் வந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்குத்தான் கேட்டுட்டுத் தூக்கிப் போட்டேன்." அப்புறம், "அந்தம்மாவுக்கு என்ன வயசு?"ன்னு கேட்டான். நாப்பத்தி மூணுன்னேன்.

ஓகேவா சத்தமில்லாம முடிச்சுடலாம்னு பார்த்தார். "வரியைத் திரும்பப் போடுங்க, வழக்கமான அப்டேட்னு நாப்பது இடத்துக்கும் அனுப்புங்க, காரணம் எதுவும் எழுத வேண்டாம், ஓகேவா?" அண்ணன் வாழ்க்கையில முதல் தடவையா அவருக்குப் பதில் சொன்னான். "இல்லைங்க, ஓகே இல்லை." சீட்டுக்கு வந்து, சின்னவரைப் பார்த்துக்கிற நூறு பேருக்கும் போற பொது மெயில்ல எழுதினான். இந்த டிரைவர்ல இந்த வரியை நான் எடுத்தேன், அது என் தப்பு, அதனால ஒருத்தர் இறந்திருக்காங்க, எங்கெங்க இது ஓடுதோ உடனே மாத்துங்க. கீழ அவன் பேரு மட்டும். அந்த மெயிலையே நாப்பது ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினான். நாலஞ்சு இடத்துல பழைய சீட்டையெல்லாம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, இன்னும் ரெண்டு பேருக்கு மாறியிருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. அவங்க உயிரோட இருந்தாங்க.

"என் பேரை ஏன் விட்ட?"ன்னு சண்டைக்குப் போனேன். "எடுக்கச் சொன்னது நான். டெஸ்ட் பண்ணது நான்."

"கையை வச்சது நான்தானே பாப்பா."

"நீ யாருடா என்னைக் காப்பாத்த?" அண்ணனை டா போட்டது அதுதான் முதல் தடவை. அவன் அதைக்கூடக் கண்டுக்கலை. நானும் அதே மெயிலுக்குக் கீழ எழுதினேன், என்ன டெஸ்ட் பண்ணேன், எது தெரியாம போச்சு, யார் பேச்சைக் கேட்டு அந்த வரி போச்சு, எல்லாத்தையும். மூணு பேர் பதில் போட்டாங்க. ஒருத்தர், நல்ல கண்டுபிடிப்பு, நன்றின்னு எழுதியிருந்தார். இன்னொருத்தர் வரிக்கு முன்னாடி இடைவெளி ஒண்ணு கூடுதலா இருக்கு, சரிபண்ணுங்கன்னு எழுதியிருந்தார். மூணாவது ஆள், எங்க டெஸ்ட்லயும் எல்லாப் பாக்கெட்டும் ஒரே மாதிரிதான், மாத்துறோம்னு எழுதினார். திட்டினா நல்லா இருந்திருக்கும். யாரும் திட்டலை.

அண்ணன் அந்த வாரமே வேலையை விட்டுட்டான். விசாரணைன்னு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, போய் அதையே சொல்லிட்டு வந்தான். டிரைவரைப் பார்த்துக்கிறவர் யாருன்னு போட்டிருக்கிற இடத்துல தன் பேரைத் தானே எடுத்துட்டான். இப்ப அங்க யார் பேரும் இல்லை. எந்த வேலையையும் எந்தப் பேரையும் காப்பாத்தணும்னு நான் அத்தனை ஆட்டம் ஆடினேனோ, அது ரெண்டும் போச்சு. ஒரு மனுஷியும் போயிட்டாங்க.

அந்த வரிக்கு மேல நான் பதினோரு வரி எழுதி வச்சிருக்கேன். கார்டு எப்படி அவசரப்படுது, ஏன் கேட்கணும், பதிலை ஏன் தூக்கிப் போடணும், எடுத்தா என்ன ஆகும், எடுத்தப்போ என்ன ஆச்சு, எல்லாம். அதனால முன்னூத்திப் பன்னெண்டு இப்ப முன்னூத்தி இருபத்தி மூணாவது வரியா இருக்கு.

தினமும் ஆபீஸ் முடிஞ்சு அண்ணன் வீட்டுக்குப் போறேன். ஹால்ல, வாசல் தெரியுற மாதிரி நாற்காலியில உட்கார்ந்திருப்பான். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வச்சிருக்காங்க அண்ணி. நான் செருப்பைக் கழட்டும்போதே கேட்பான்.

"பாப்பா, அந்தம்மாவுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தி மூணுண்ணே."

அவன் கேட்டுக்க மாட்டான். நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள முகம் ஜன்னல் பக்கம் திரும்பிடும். அப்புறம் ரெண்டு பேரும் டீ குடிப்போம். முதல்ல நான் அழுதேன், அப்புறம் கோபப்பட்டேன், டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். மறதி எல்லாம் இல்லை, அந்தம்மா வயசு அவருக்கு நல்லாத் தெரியும்னுட்டார் டாக்டர்.

போன மாசம் எனக்குக் காய்ச்சல். ரெண்டு நாள் போகலை. ரெண்டாவது நாள் சாயங்காலம் அண்ணி போன் பண்ணாங்க. நேத்துலேருந்து சாப்பிடலையாம், வாசக்கதவைச் சாத்தவும் விடலையாம், நாற்காலியை விட்டு எழுந்திரிக்கலையாம். காய்ச்சலோட ஒரு ஆட்டோவைப் பிடிச்சுப் போனேன். செருப்பைக் கழட்டினேன். கேட்டான். நாப்பத்தி மூணுன்னேன். முகத்தைத் திருப்பிக்கிட்டு, எழுந்து போய்க் கையைக் கழுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

அண்ணி என்னைச் சமையலறைக்குள்ள இழுத்துட்டுப் போனாங்க. "எதுக்கும்மா இது? தெரிஞ்சதையே கேட்குறார், சொன்னா காதுல வாங்குறதும் இல்லை. நீயும் விடாம தினமும் சொல்லிக்கிட்டிருக்கே. இது எதுக்கு?"

எனக்கு நாலு வார்த்தை சேர்த்துப் பேச வரலை.

"தேவை அண்ணி"ன்னு மட்டும் சொன்னேன்.